ஷாரோன் போட்ட ஜாயின்ட்

ஷரீஃப் பாயின் வெள்ளைக் கார் அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஷெட் வாசலில் வந்து நின்றதும் ஷாரோன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முதல் இரண்டு முறையும் பாய் ஹாரன் அடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வந்தார். இன்றைக்குச் சத்தமே இல்லை. திட்டுகிற ஆளை ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். சும்மா வந்து நிற்கிற ஆளை என்ன செய்வது?

ஐப்பசி மழை காலையில் ஒரு பாட்டம் அடித்துவிட்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் தூறிக்கொண்டிருந்தது. ஒலிமுகமதுபேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டிய தகர ஷெட் அது. ‘ஜான்சன் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று போர்டு தொங்கும். போர்டில் இருக்கிற ஜான்சன் முக்காலியில் உட்கார்ந்திருப்பான். வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பது அவன் பெண்டாட்டி ஷாரோன். போன வருஷம் பைக் சறுக்கி விழுந்ததில் ஜான்சனுக்கு வலது முழங்கையில் நரம்பு போய்விட்டது. கை இருக்கிறது, விரல் மடங்காது. சோற்றைக்கூட ஸ்பூனால்தான் சாப்பிடுகிறான். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாயும் இவள் கையும் சேர்ந்து ஒரு மெக்கானிக் என்று ஊரில் சொல்வார்கள்.

பாய் காரை விட்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

“இன்னா பாய், மறுபடியும் செக் லைட்டா?” என்றான் ஜான்சன்.

“லைட்டு எரிஞ்சா எரியட்டும்பா. நான் போயிருப்பேன் நேத்து.” பாய் டயரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எம் பொண்ணு அம்பரீனைக் கூட்டிக்கினு ஆற்காட்டுலருந்து வந்துக்கினு இருந்தேன். ஏழு மாசம் அதுக்கு. திருப்புட்குழிகிட்ட ஒரு டிரெய்லர் லாரி. சைடு எடுக்கிறேன். பாதி லாரி தாண்டிட்டேன், பொசுக்குனு வண்டி செத்துப்போச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சா தலகாணிய மிதிக்கிற மாதிரி இருக்குது. பின்னால ஆம்னி பஸ்ஸு, லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டுறான். லாரிக்காரன் பார்த்து ஸ்லோ பண்ணான். அவன் பண்ணலைன்னா?”

பாய் குனிந்து டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

“பொண்ணு வவுத்தைப் புடிச்சுக்கினு யா அல்லா, யா அல்லான்னுது. நான் இன்னாத்த சொல்ல? பயப்படாத, ஜான்சன்கிட்ட காட்டி ரெடி பண்ணிட்டேன்னு சொல்லித்தான் அதை வண்டில ஏத்துனேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்று ஷாரோனுக்கு இருந்தது.

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. பாய்க்கு ஜரிகை வியாபாரம். கார் அவருக்கு ஆசைக்கு. பதினைந்து வயசான வெளிநாட்டு வண்டி, மூன்று கை மாறி வந்தது. கல்யாணம் கார்த்திகை என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு வருவார்கள், இவரே ஓட்டிக்கொண்டு போவார். அதில் சூப்பர்சார்ஜர் என்று ஒரு சாமான் உண்டு. நம் அடுப்புக்கு ஊதுகுழல் எப்படியோ, இன்ஜினுக்கு அது. கூடுதல் காற்றை உள்ளே தள்ளும், வண்டி சீறும். எப்போது ஊத வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதை ஒரு சின்ன வால்வு பார்த்துக்கொள்ளும். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர், ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு ஒயர், இரண்டே ஒயர்தான் அந்த வால்வுக்கு. அந்தச் சர்க்யூட்டில்தான் கோளாறு என்று ஸ்கேனர் மூன்று முறையும் ஒரே பாட்டைப் பாடியது.

முதல் முறை சுத்தம் பண்ணிக் கொடுத்தார்கள். நாலு நாள் ஓடியது. இரண்டாவது முறை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடையெல்லாம் அலைந்து வால்வையே புதுசாக வாங்கிப் போட்டார்கள். இரண்டு நாள் ஓடியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவம், அந்தப் பழைய வால்வு நன்றாகத்தான் இருந்தது.

“பாய், நீங்க உக்காருங்க. இன்னிக்கி பார்க்காம வுடறதில்ல” என்று சொல்லி ஷாரோன் பானெட்டைத் தூக்கினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிவைத்த கருவாட்டுக் குழம்பின் வாசம் டிபன் கேரியரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பசி செத்திருந்தது.

வண்டியை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். சூடானால்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். வால்வில் ஒயர் வந்து சொருகுகிற கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட். ஃபியூஸ் பெட்டியிலிருந்து கப்ளர் வரைக்கும் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள். மீட்டர் பீப் பீப் என்று நல்லபிள்ளையாகக் கூவியது.

“எல்லாம் கரெக்டா இருக்குதுங்க. கரண்ட் வருது, ஒயரு எங்கியும் அறுந்து போவல.”

“வருதா?”

“பன்னண்டரை காட்டுது. கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“மீட்டரை நம்பாதமே. குழாய்ல விரலை வெச்சா ஈரமாத்தான் இருக்கும். கொடம் ரொம்புதான்னு பாரு.” ஜான்சன் முக்காலியோடு நகர்ந்து வந்தான். “ஹெட்லைட் பல்ப் ஒண்ணு எடுத்து அந்தக் கப்ளர்ல மாட்டு.”

மாட்டினாள். பளீரென்று எரிய வேண்டிய பல்ப், காய்ச்சல்காரன் கண் மாதிரி சிவந்துகொண்டு கிடந்தது. மீட்டரை வைத்தால் ஆறு வோல்ட். பாதி கரண்ட் வழியிலேயே எங்கோ காணாமல் போகிறது.

“பாத்தியா? வேலை குடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்” என்றான் ஜான்சன். அவன் குரலில் மூன்று நாளைக்கு அப்புறம் உயிர் வந்திருந்தது. “ரெண்டு ஒயருல எதுல போவுதுன்னு பாரு. எர்த்துல வெச்சு, ஒவ்வொண்ணா.”

கம்ப்யூட்டர் பக்கத்து ஒயர் சுத்தம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து வருகிற ஒயரில்தான் திருட்டு. ஷாரோன் மீட்டர் ஊசியை வைத்து அந்த ஒயரின் வழியைத் தொட்டுத் தொட்டுப் போனாள். ஃபியூஸ் பெட்டி அருகில் பன்னிரண்டு. ஒரு சாண் தள்ளிப் பன்னிரண்டு. பேட்டரிக்குப் பின்னால் வளைகிற இடத்துக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அந்த டேப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதிக்குப் பாதி ஏறி, ஒரு மடிப்பு இல்லாமல், இடமிருந்து வலமாகச் சுற்றின டேப். ஜான்சன் வலமிருந்து இடமாகச் சுற்றுவான். ஊரில் மற்ற எவனும் இவ்வளவு பொறுமையாகச் சுற்ற மாட்டான்.

போன வருஷம் இந்த வண்டியில் எலி பூந்து பதினோரு ஒயரைக் கடித்துப் போட்டிருந்தது. ஜான்சன் அப்போது ஆஸ்பத்திரியில். அவள்தான் ஒண்டியாக உட்கார்ந்து பதினொன்றையும் சேர்த்தாள்.

ஜான்சனும் பாயும் டீக்கடைக்குப் போயிருந்த நேரம். ஷாரோன் டேப்பைப் பிரித்தாள். உள்ளே ஜாயின்ட் அழகாக, மெலிசாக, ஒரு புடைப்பு இல்லாமல் இருந்தது. நகத்தால் கீறினாள். பச்சைப் பச்சையாக மாவு உதிர்ந்தது. பச்சைக்கு நடுவே வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஏதோ இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். சாம்பல்.

அந்தச் சாம்பல் அவளுக்குப் புதிதல்ல.

ஷாரோன் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பன்னிரண்டு வருஷம் பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கப் போனவள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைக் கட்டுதான் பாவு; ஒரு பாவு முடிந்ததும், பழைய இழையின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. பட்டு வழுக்கும் என்பதால் விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு ஒரு திருகு திருகுவார்கள். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. அந்தத் திருகல் சீப்பு மாதிரி இருக்கிற அச்சுக்குள் புகுந்து வரும்போது அறக்கூடாது, தடுக்கக்கூடாது. ஷாரோன் திருகினால் அறுந்ததே இல்லை. தறிக்காரர்கள் அவளுக்காக ஒரு நாள் காத்திருப்பார்கள்.

கை விழுந்து ஜான்சன் படுத்த மூன்று மாதமும் ஷெட்டை மூடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். வேர்த்த கையில் செப்புக் கம்பி வழுக்கியது. ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். தொட்டாள், திருகினாள், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. பட்டுக்கு அது போதும். கம்பிக்கு அது போதாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சாம்பல் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்றும் சொல்லவில்லை.

அந்தத் துண்டை இரண்டு பக்கமும் நறுக்கெனக் கத்தரித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பாவாடை நாடாவுக்குள் செருகிக்கொண்டால் முடிந்தது. ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன்.

“கிடைச்சுதாமே?” ஜான்சன் டீ டம்ளரோடு வந்தான். பாய் இன்னும் கடையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கையை விரித்துக் காட்டினாள்.

ஜான்சன் குனிந்து பார்த்தான். பிறகு திரும்பிக் கடைப் பக்கம் பார்த்தான். “பாய்கிட்ட சொல்லாத” என்று குரலை இறக்கினான். “எலி கடிச்சிருக்குதுன்னு சொல்லு. புது ஒயரு போட்டு ஈயம் வெச்சு ஒட்டிக் குடுத்துடு. வண்டி ஓடுனா போதும் அவருக்கு.”

“நான் போட்டது இது.”

“தெரிது. நான் மட்டும் இன்னா யோக்கியன்? ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கே பார்த்தேன். கொட்டாங்கச்சியத் தூக்கிப் போட்டுட்டு, இனிமே ஈயம் வெய்யின்னு சொல்லிக் குடுத்தேனே தவிர, போட்டதைப் பிரின்னு சொன்னேனா? அழகா இருக்குதுமேன்னு சொன்னேன். ஓடுற வண்டிய எதுக்கு நோண்டறதுன்னு வுட்டேன்.”

அவள் புது ஒயரை அளந்து வெட்டினாள். ஈயம் உருகி ஓடி செம்புக்குள் இறங்கும்வரை பிடித்திருந்தாள், மேலே ரப்பர் குழாயை ஏற்றிச் சுருக்கினாள். கைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வேலை செய்யும். பல்பை மாட்டினாள். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. மீதி பத்து ஜாயின்டையும் ஒரு மணி நேரத்தில் பிரித்து ஈயம் வைத்துப் போட்டாள். அதில் நாலு பச்சை.

பாய் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “முடிஞ்சுதா? இன்னாதான் ஆச்சு?”

“எலி...” என்று ஜான்சன் ஆரம்பித்தான்.

“எலி இல்ல பாய்” என்றாள் ஷாரோன். “நான். போன வருசம் ஈயம் வெக்காம, சாம்பலைத் தொட்டுத் திருகிப் போட்டேன். அது உள்ள அரிச்சுப்போயிருக்குது. வால்வு நல்ல வால்வு. தப்பு எம் மேலதான்.”

பாயின் முகம் சிவந்தது. அவர் பானெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எம் பொண்ணு உள்ள இருந்துச்சுமா” என்றார் கடைசியில். “உன் பொண்ணு மாதிரிதானே அது?”

“ஆமா பாய்.”

“ரெண்டு உசுருமா.”

ஷாரோனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ‘ரெண்டு உசுரு’ காதில் விழுந்த நொடியே வேறொன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த வண்டி மட்டும்தானா? மூன்று மாதம். அவள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. எந்த வீட்டுத் தறியில் என்ன நிறத்துப் பாவு பிணைத்தோம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. பத்தொன்பது. ஹாரன் ஒயர், இண்டிகேட்டர், ஹெட்லைட். நின்றால் திட்டுவார்களே தவிரச் சாக மாட்டார்கள். பன்னிரண்டாவது வண்டியில் வந்து மனசு நின்றது.

“ஏங்க, சபாபதி அண்ணன் ஸ்கூல் வேன்.”

ஜான்சன் நிமிர்ந்தான்.

“டீசல் கட்டாப் ஒயரு. அதையும் நான்தான் போட்டேன்.”

அந்த ஒயரில் கரண்ட் நின்றால் டீசல் நின்றுவிடும். டீசல் நின்றால் இன்ஜின் நின்ற இடத்தில் நிற்கும். சபாபதி தினமும் சாயந்திரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போவார். ஷெட் கடிகாரத்தில் நாலே கால். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டாயிற்று.

ஜான்சன் இடது கையால் போனை எடுத்து அடித்தான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. “வண்டி ஓட்டறப்ப எடுக்க மாட்டான் அந்தாளு. நல்ல பழக்கம்தான், எழவு.”

“நான் போறேன். பைக் சாவியக் குடுங்க.”

“அரே, பைக்கா?” பாய் அவளைத் தள்ளாத குறையாக முன் கதவைத் திறந்தார். “ஏறுமா. உன் சாமானை எடுத்துக்கினு ஏறு. ஜான்சன், நீயும் ஏறு. சண்டை அப்புறம் போட்டுக்கலாம்.”

பானெட்டை அடித்துச் சாத்திவிட்டு ஏறினார்கள். ஒரு கிலோமீட்டர் கூட மெதுவாக ஓட்டிச் சோதிக்காத வண்டி. சங்கரமடத்துப் பக்கம் சேலை வாங்க வந்த வெளியூர் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பாய் சந்து பொந்தெல்லாம் புகுந்தார். காலி ரோடு கிடைத்த இடத்தில் காலை அழுத்தியதும் உள்ளே ஒரு விசில் சத்தம் எழும்பி, கார் மூன்று பேரையும் சீட்டோடு ஒட்டவைத்தது.

“இழுக்குது” என்றான் ஜான்சன். அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், உடனே வாயை மூடிக்கொண்டான். ஷாரோன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாயின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. யார் சாமி கேட்டதோ, கேட் மூடியிருந்தது.

வரிசையில் முன்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் மஞ்சள் வேன். ஷாரோன் இறங்கி ஓடினாள். தூறலில் செருப்பு வழுக்கியது. அவள் வேனைத் தொடுவதற்கும் ரயில் கடந்து கேட் தூக்குவதற்கும் சரியாக இருந்தது. சபாபதி கியரைப் போட்டார். ஷாரோன் வேனுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“ஏய், பைத்தியமா நீ? நவுரு!”

“எடுக்காதண்ணா. வண்டிய அணை.”

“கேட் தொறந்துட்டான்மா! பின்னால எத்தினி வண்டி நிக்குது பாரு. அந்தாண்ட போய் ஓரங்கட்டறேன், வந்து சொல்லு.”

“அந்தாண்ட போவக்கூடாது. தண்டவாளத்து மேல நின்னாலும் நின்னுரும். நான் போட்ட ஒயருண்ணா. அது சரியில்ல.”

பின்னால் நாற்பது ஹாரன் ஒரே நேரத்தில் அடித்தது. ஒருவன் அவள் அம்மாவை இழுத்துப் பேசினான். அவள் நகரவில்லை. பாய் வந்து வேன் கதவைத் திறந்து, “இறங்குங்க கண்ணுங்களா, டீக்கடையில பன்னு தரச் சொல்றேன்” என்று பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். பதினாறு பிள்ளைகள். ஜான்சன் தன் மடங்காத கையை நீட்டினான். ஒரு சின்னது அதைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஹாரன் அடித்தவர்களே இறங்கி வந்து வேனை ஓரமாகத் தள்ளினார்கள். திட்டிக்கொண்டேதான் தள்ளினார்கள்.

ஷாரோன் சீட்டுக்கு அடியில் படுத்து டேப்பைப் பிரித்தாள். மேலே பார்க்க மணியாக இருந்தது. விரலால் லேசாகத் தொட்டதும் உதிர்ந்தது. முப்பது இழைக் கம்பியில் மூன்று இழைதான் மிச்சம். சபாபதி குனிந்து அதைப் பார்த்தார். அவர் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“நேத்திக்கு ரெண்டு வாட்டி நின்னுச்சு” என்றார். “டீசல்ல தண்ணி கலந்துட்டான்னு நெனச்சேன்.”

ஷாரோன் பாயின் கார் பேட்டரியிலிருந்து கிளிப்பை மாட்டி, ஈயம் ஒட்டுகிற கோலைச் சூடேற்றினாள். ஜான்சன் இடது கையால் டார்ச் பிடித்தான். நாலு நிமிஷ வேலை. முடித்துவிட்டு வெளியே வந்தபோது சுற்றிலும் கூட்டம். வேடிக்கை பார்க்க நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

“இன்னா பாய் ஆச்சு?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒண்ணும் இல்லபா. எலி கடிச்சிருக்குது” என்றார் ஷரீஃப் பாய். சொல்லிவிட்டு ஷாரோனைப் பார்க்காமல் தாடியைத் தடவிக்கொண்டார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். பாயே பெரிய மனசு பண்ணிக் கொடுத்த எலி. ஜான்சன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஷாரோன் கையில் ஒட்டியிருந்த பச்சை மாவைச் சேலையில் துடைத்தாள்.

“எலி இல்லண்ணா” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “போன வருசம் நான் தப்பா போட்ட ஜாயின்ட். பத்தொம்போது வண்டிக்கு இந்த மாதிரி போட்டுட்டேன். ரெண்டு பிரிச்சாச்சு. மீதி பதினேழு ஊருல ஓடிக்கினு இருக்குது. பார்த்தீங்கன்னா வரச் சொல்லுங்க. ஒலிமுகமதுபேட்டை, ஜான்சன் ஷெட்டு.”

கூட்டத்தில் நாலு பேர் தங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேர் அந்த நிமிஷமே ஊருக்குள் ஓட ஆரம்பித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இனி எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்?

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோக்காரன் முண்டிக்கொண்டு வந்தான். “ஏம்மா, என் ஆட்டோக்கும் நீதானே ஒயரு போட்டே?”

அவன் முகத்தைப் பார்த்தாள். ஏழாவது வண்டி. “ஆமாண்ணா. ஹெட்லைட்டு. ஓரமா நிறுத்துங்க, இப்பவே பார்த்துடறேன்.”

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவைத் தள்ளிவந்து வேனுக்குப் பின்னால் நிறுத்தினான். அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டியும் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஷாரோன் அவரை எத்தனை முறை உற்றுப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை.

“உங்க வண்டிக்கு நான் போட்டதே இல்லையேண்ணா?”

“தெரியும்மா” என்றார் அவர். “வேற ஒருத்தன் போட்டான். அவன் எதுவும் சொல்லல. அதான், நீ ஒருவாட்டி பார்த்துடேன்.”